6.2 கிராம் பொசுபரசில் எத்தனை அணு? 31ஆல் வகுப்பதா, 124ஆல் வகுப்பதா?

கிளிநொச்சியில் உயர்தரம் படிக்கத் தொடங்கியிருக்கும் ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது: "6.2 கிராம் பொசுபரசில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையைக் காண வேண்டும். ரியூசன் சேர் 31ஆல் வகுத்தார். வீட்டில் அக்கா 124ஆல் வகுத்தா. கடைசியில் இரண்டு பேருக்கும் ஒரே விடை. எப்படி? எப்போது வகுப்பது, எப்போது பெருக்குவது என்பதே எனக்குப் பிடிபடவில்லை." மேலாகப் பார்த்தால் இது ஒரு கணக்கு. உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எதை எண்ணுகிறோம் என்பது ஒன்று. தராசில் நிறுத்த ஒரு பொருளிலிருந்து எண்ணிக்கை எப்படி வந்து சேருகிறது என்பது மற்றது. நான் முப்பது வருடத்துக்கு மேல் வன்னியில் இரசாயனவியல் படிப்பித்தவன். இந்த இடத்தில் தடக்கி விழாத பிள்ளைகளை விரல் விட்டு எண்ணலாம். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன்; மூல், சாரணுத்திணிவு என்ற சொற்களைப் பின்னால் நெல்லை வைத்து விளக்குகிறேன். பொசுபரசின் சாரணுத்திணிவு 31. 6.2ஐ 31ஆல் வகுத்தால் 0.2 மூல் அணுக்கள். அதை 6.022 × 10²³ஆல் பெருக்கினால் 1.2044 × 10²³ அணுக்கள். அக்காவின் வழியில், வெண்பொசுபரசின் ஒரு மூலக்கூறில் நான்கு அணுக்கள் இருப்பதால் மூலர்த் திணிவு, அதாவது ஒரு மூல் மூலக்கூறுகளின் கிராம் திணிவு, 124. 6.2ஐ 124ஆல் வகுத்தால் 0.05 மூல் மூலக்கூறுகள், அதாவது 3.011 × 10²² மூலக்கூறுகள். ஒவ்வொன்றிலும் நான்கு அணு என்பதால் நான்கால் பெருக்க, அதே 1.2044 × 10²³. இருவரும் சரி. அக்காவின் வழியில் ஒரு படி கூட, அவ்வளவுதான். அந்தக் கடைசிப் படியை மறப்பவர்கள்தான் மாட்டுப்படுகிறார்கள்.

சரி, இனி அடிப்படைக்கு வருவோம். 90களின் பிற்பகுதியில், யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளும் சேர்ந்திருந்த ஒரு கிடுகுக் கொட்டில் வகுப்பில் மூல் படிப்பிக்க வேண்டியிருந்தது. ஆய்வுகூடம் இல்லை, இரசாயனத் தராசு இல்லை. அது காலபோக அறுவடை முடிந்த நேரம், எந்த வீட்டு முற்றத்திலும் நெல் காய்ந்தது. ஒரு பிள்ளை ஆட்டக்காரி நெல் ஒரு கொத்துக் கொண்டு வந்தது, இன்னொரு பிள்ளை கீரிச்சம்பா. நகை செய்யும் பத்தர் ஒருவர், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தன் சின்னத் தராசை ஒரு நாளுக்குத் தந்தார். பிள்ளைகள் பாயில் இருந்து பத்துப் பத்தாக ஒதுக்கி ஆயிரம் மணி எண்ணினார்கள். அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது, இரண்டு தரம் எண்ணிக்கை பிழைத்தது. ஆட்டக்காரி ஆயிரம் மணி 26 கிராம் நின்றது. கீரிச்சம்பா ஆயிரம் மணி 13 கிராம்.

அப்புறம் நான் 650 கிராம் ஆட்டக்காரி நெல்லை ஒரு பையில் போட்டு, இதில் எத்தனை மணி என்று கேட்டேன். யாரும் எண்ணத் தொடங்கவில்லை. பின்வாங்கிலிருந்த ஒரு பிள்ளை, "650க்குள் எத்தனை 26 இருக்கு என்று பார்த்தால் போதும் சேர்" என்றது. இருபத்தைந்து. ஒவ்வொரு 26க்கும் ஆயிரம் மணி. ஆக 25,000. அந்தப் பிள்ளை சொன்ன வசனத்துக்குள் முழுக் கணக்கும் இருக்கிறது. மொத்தத் திணிவுக்குள் எத்தனை குவியல் என்று பார்க்கும்போது வகுக்கிறோம். குவியலுக்கு எத்தனை மணி என்று விரிக்கும்போது பெருக்குகிறோம். அதே 650 கிராம் கீரிச்சம்பா என்றால் 50 குவியல், 50,000 மணி. நிறை ஒன்று, எண்ணிக்கை இரண்டு மடங்கு. மணி சின்னது என்றால் ஒரே நிறைக்குள் கூடுதலாக அடங்கும்.

மூல் என்பதும் இப்படி ஒரு குவியலின் பெயர். அதில் ஆயிரத்துக்குப் பதில் 6.022 × 10²³ உருப்படிகள். நம் எண்ணில் சொன்னால் ஏறத்தாழ 602 கோடி கோடி கோடி. காபன் அணுக்களில் இத்தனையை அள்ளி வைத்தால் 12 கிராம் வரும், சோடியத்தில் 23 கிராம், இரும்பில் 56 கிராம், பொன்னில் 197 கிராம். ஆவர்த்தன அட்டவணையில் மூலகத்தின் பெட்டிக்குள் இருக்கும் சாரணுத்திணிவு அந்த மூலகத்தின் 'ஆயிரம் மணி நிறை' என்று எடுத்துக்கொள்ளுங்கள். திணிவைக் கிராமில் எழுதி, சாரணுத்திணிவால் வகுத்து, 6.022 × 10²³ஆல் பெருக்குங்கள். எந்த மூலகத்துக்கும் இதுதான் வழி.

ஏன் இவ்வளவு பெரிய எண் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அணு அவ்வளவு சின்னது, நம் தராசோ அவ்வளவு பெரியது. ஒரு துளித் தண்ணீரை நினையுங்கள். இருபது துளி ஒரு மில்லிலீற்றர் என்றால் ஒரு துளி 0.05 கிராம். தண்ணீரின் மூலர்த் திணிவான 18ஆல் வகுத்துக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 1.67 × 10²¹ மூலக்கூறுகள், அதாவது அதே அளவு ஒட்சிசன் அணுக்கள். அந்த ஒட்சிசன் அணுக்களுக்கெல்லாம் ஏதோ ஓர் அடையாளம் போட முடிந்ததாக வைத்துக்கொள்வோம். நிரம்பி நிற்கும் இரணைமடுக் குளத்தின் கட்டில் நின்று அந்தத் துளியை விட்டு, குளம் முழுக்கச் சீராகக் கலக்கிவிடுங்கள். குளத்தில் இருப்பது 13 கோடி கன மீட்டருக்கு மேல் தண்ணீர். பிறகு எந்த மூலையிலும் ஒரு மில்லிலீற்றர் அள்ளினால், அடையாளம் போட்ட அணுக்களில் ஒரு கோடிக்கு மேல் அதற்குள் இருக்கும். ஒரு துளியிலிருந்து வந்தவை! குளக்கட்டில் போகும் நேரமெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வரும்.

இனிப் பொசுபரசு. அணுக்களின் எண்ணிக்கைக்கு, அந்த அணுக்கள் எப்படிக் கைகோத்து நிற்கின்றன என்பது ஒரு பொருட்டே இல்லை. நான்கு நான்காக வெண்பொசுபரசில் நின்றாலும், நீண்ட சங்கிலியாகச் செம்பொசுபரசில் நின்றாலும், 6.2 கிராமுக்குள் 1.2044 × 10²³ அணுக்கள்தான். நெல்லை நான்கு நான்கு மணியாகத் தாளில் சுற்றி வைத்தாலும், தாளின் நிறையைக் கழித்துப் பார்த்தால் மணிகள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதனால்தான் 'அணுக்கள்' என்று கேட்டால் 31ஆல் வகுப்பது நேர்வழி என்கிறேன். 'மூலக்கூறுகள்' என்று கேட்டால்தான் 124 தேவை, அங்கே நான்கால் பெருக்கவும் கூடாது. ஒட்சிசனையும் இப்படியே பாருங்கள். 6.4 கிராம் ஒட்சிசன் வாயுவில் 0.4 மூல் அணுக்கள், 0.2 மூல் மூலக்கூறுகள். அதே 6.4 கிராம் ஓசோன் என்றால் மூலக்கூறுகள் 0.2 மூலுக்கும் குறைந்துவிடும், அணுக்கள் மட்டும் 0.4 மூலாகவே நிற்கும்.

படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் நானே இங்கு ஒரு பிழை விட்டிருக்கிறேன். ஒரு பிள்ளை 124ஆல் வகுத்து, நான்கால் பெருக்கி, சரியான விடை எடுத்திருந்தது. அவசரத்தில் 124ஐக் கண்டவுடனே குறுக்கே கோடு போட்டுவிட்டேன். அது அடுத்த நாள் கொப்பியோடு வந்து, "சேர், விடை ஒன்றுதானே?" என்று மெதுவாகக் கேட்டது. புள்ளியைத் திருத்திக் கொடுத்தேன், வகுப்பிலும் சொன்னேன். அன்றிலிருந்து இந்தக் கணக்கில் கடைசி வரிக்கு முன் படிகளைத்தான் பார்ப்பேன். நீங்களும் படிகளை வெளியே எழுதுங்கள். 'மூல்' என்று மட்டும் எழுதி விட்டுவிடாமல், 'பொசுபரசு அணுக்களின் மூல்', 'பொசுபரசு மூலக்கூறுகளின் மூல்' என்று எழுதுங்கள். அந்த ஒரு சொல் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

உயர்தர இரசாயனவியல் தாளில் கணிப்பானுக்கு அனுமதி இல்லை. அதனால் எண்ணைச் சுருக்கிவிட்டுப் பெருக்கும் பழக்கம் வேண்டும். 2.8 கிராம் இரும்பு என்றால் 2.8இன் கீழே 56. அதை இருபதில் ஒன்று என்று சுருக்கிவிட்டு 6.022ஐ இருபதால் வகுத்தால் 0.3011, ஆக 3.011 × 10²². முதலே 2.8ஐயும் 6.022ஐயும் பெருக்கிக்கொண்டு இருந்தால் நேரம் போகும், பிழையும் வரும். அலகிலும் கவனம். 46 மில்லிகிராம் சோடியம் என்று தந்திருப்பதை 46 கிராம் என்று எடுத்தால் விடை ஆயிரம் மடங்கு பிழைக்கும். சரியான விடை 1.2044 × 10²¹. இன்னொன்று, சாரணுத்திணிவு இருக்க வேண்டிய இடத்தில் அணுவெண்ணைப் போடுவது. சோடியத்துக்கு 23க்குப் பதில் 11 போட்டு வந்த தாள்கள் எத்தனையோ திருத்தியிருக்கிறேன்.

விடை வந்ததும் ஒரு முறை நிதானித்துப் பாருங்கள். தந்த திணிவு சாரணுத்திணிவை விடக் குறைவு என்றால் விடை 6.022 × 10²³ஐ விடக் குறைவாக இருக்க வேண்டும். கூடினால் எங்கோ தலைகீழாக வகுத்திருக்கிறீர்கள். அடுக்குக்குறி மறையில் வந்தால் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்திருக்கிறீர்கள், அணு அரையோ காலோ ஆக முடியாது. ஒரு கிராம் அலுமினியத்தில் 2.23 × 10²² அணுக்கள், ஒரு கிராம் பொன்னில் 3.06 × 10²¹தான். பாரமான அணு, ஆகவே கிராமுக்குக் குறைந்த எண்ணிக்கை. கீரிச்சம்பாவும் ஆட்டக்காரியும் மாதிரி.

இதெல்லாம் எவ்வளவு உறுதி என்று பிள்ளை கேட்கவில்லை. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி அது. நெல்லை நாங்கள் ஒவ்வொன்றாக எண்ணினோம், அணுக்களை அப்படி யாரும் எண்ணவில்லை. அவகாதரோ என்ற இத்தாலியர் 1811இல் சொன்னது வேறு ஒரு கருத்து: ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் சம கனவளவு வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும் என்று. அந்த எண் எவ்வளவு என்று தெரியாமலே அவர் 1856இல் இறந்துபோனார். அவருடைய பெயரை இந்த எண்ணுக்கு 1909இல் சூட்டியவர் பெரன் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர். கம்போஜ் என்ற மஞ்சள் பிசினை நீரில் மிக நுண்ணிய மணிகளாக மிதக்கவிட்டு, உயரம் கூடக் கூட மணிகள் எப்படிக் குறைகின்றன என்று நுணுக்குக்காட்டியில் எண்ணினார். மலை ஏற ஏறக் காற்று ஐதாவது போன்ற அதே விதி. நாம் கறிக்குப் போடும் கொறுக்காய் மரத்தின் இனத்தைச் சேர்ந்த மரத்திலிருந்துதான் அந்தப் பிசின் வருகிறது. அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 7 × 10²³. இன்றைய எண்ணுக்கு அவ்வளவு கிட்டே, மரப்பிசினை வைத்து! 1926இல் நோபல் பரிசும் கிடைத்தது.

உயர்தரப் பிள்ளை தானே சரிபார்க்கக்கூடிய வழியும் ஒன்று உண்டு. மின்பகுப்பில் ஒரு மூல் வெள்ளி படிய 96,485 கூலோம் மின் தேவை. ஒரு வெள்ளி அயனுக்கு ஓர் இலத்திரன், ஓர் இலத்திரனின் ஏற்றம் 1.602 × 10⁻¹⁹ கூலோம். முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள், 6.02 × 10²³ வந்து நிற்கும். பிசினில் கிடைத்ததும் மின்னில் கிடைத்ததும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. அண்மைக்காலத்தில் ஏறத்தாழ முழுவதும் சிலிக்கன்-28 என்ற ஒரே சமதானியால், அதாவது ஒரே திணிவுள்ள சிலிக்கன் அணுக்களால் ஆன, ஒரு கிலோகிராம் அளவுள்ள பளிங்குக் கோளங்களைச் செய்து, அணுக்களின் இடைவெளியை எக்ஸ் கதிரால் அளந்து, இந்த எண்ணை மிக நுட்பமாகக் கண்டார்கள். 2019 மே 20 முதல் அவகாதரோ மாறிலி 6.02214076 × 10²³ என்று வரையறுக்கப்பட்டுவிட்டது. இப்போது அதில் ஐயம் என்று ஒன்றும் இல்லை. அதற்கு முன் 12 கிராம் காபன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்றுதான் மூல் என்பதை வரையறுத்தார்கள். பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், பாடசாலைக் கணக்கில் ஒரு வித்தியாசமும் வராது.

ஐயம் இருப்பது வேறு இடங்களில். சாரணுத்திணிவு ஒரு சராசரி. ஆட்டக்காரி ஒரு மணி 26 மில்லிகிராம் என்று கணக்கு வந்தாலும், பத்தர் தராசில் தனித்தனி மணியாக வைத்தால் கூடக்குறையத்தான் நிற்கும். குளோரீனும் அப்படித்தான். அதன் சாரணுத்திணிவு 35.5, ஆனால் 35.5 திணிவுள்ள குளோரீன் அணு ஒன்றுகூட உலகத்தில் இல்லை. நூற்றுக்கு 76 பங்கு 35உம், 24 பங்கு 37உம் கலந்து வந்த சராசரி அது. இந்தக் கலவை வீதம் பெரும்பாலும் எங்கும் ஒன்றாகவே இருப்பதால் கணக்கு ஓடுகிறது. ஈயம் மட்டும் கொஞ்சம் பொல்லாதது. யுரேனியமும் தோரியமும் சிதைந்து கடைசியில் ஈயமாகின்றன, அதனால் எந்தப் பாறையிலிருந்து எடுத்தோம் என்பதைப் பொறுத்து அதன் சராசரி மாறும். நந்திக்கடலில் வீசும் வீச்சுவலையில் கோத்திருக்கும் ஈயக்குண்டு ஒன்று 10 கிராம் என்றால், 207.2ஆல் வகுத்து 2.9 × 10²² அணுக்கள் என்று தைரியமாகச் சொல்லலாம். 2.9064 என்று எழுதினால் அந்தக் கடைசி இலக்கங்களுக்கு நான் பொறுப்பு நிற்கமாட்டேன். அந்த ஈயம் எங்கிருந்து வந்தது என்று வலைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அதைவிடப் பெரிய பிழை தூய்மையில் வரும். நெல்லுக்குள் பதர் கிடந்தால் ஆயிரம் மணிக் கணக்குப் பிழைக்கும் அல்லவா? ஒரு பவுண் நகையை எடுத்துக்கொள்ளுங்கள். 8 கிராமை 197ஆல் வகுத்து 2.45 × 10²² பொன் அணுக்கள் என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்குதான் பொன். அது 7.33 கிராம், ஆகவே 2.24 × 10²² பொன் அணுக்கள். மிச்சம் 0.67 கிராம். வழமையில் வெள்ளியும் செம்பும் கலந்திருக்கும். கணக்குக்காக முழுவதும் செம்பு என்று வைத்தால், 63.5ஆல் வகுத்து 6.3 × 10²¹ செம்பு அணுக்கள். இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறையில் பன்னிரண்டில் ஒரு பங்காக இருக்கும் செம்பு, எண்ணிக்கையில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல். நிறையும் எண்ணிக்கையும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை. பரீட்சைத் தாளில் 'தூய' என்ற சொல் இருக்கிறதா, நூற்றுவீதம் ஏதும் தந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தந்திருந்தால் மூலகத்தின் திணிவை மட்டும் பிரித்து எடுத்த பிறகே வகுக்கத் தொடங்க வேண்டும்.

உங்கள் வினாத்தாளின் முழு வசனத்தை நான் பார்க்கவில்லை, நீங்கள் எழுதியதை வைத்தே சொல்கிறேன். 'அணுக்களின் எண்ணிக்கை' என்றே கேட்டிருந்தால் விடை 1.2044 × 10²³. 'மூலக்கூறுகள்' என்று இருந்து, வெண்பொசுபரசு என்றும் சொல்லியிருந்தால் 3.011 × 10²². செம்பொசுபரசு என்றால் அங்கே நான்கு அணுத் தனி மூலக்கூறு என்று எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை, ஆகவே அப்படி ஒரு கேள்வி வராது.

கை பழக ஒன்று தருகிறேன். 1.6 கிராம் கந்தகத்தில் எத்தனை அணு? கந்தகத்தின் சாரணுத்திணிவு 32, சாதாரணக் கந்தகத்தில் எட்டு அணு சேர்ந்து ஒரு மூலக்கூறு. சேரின் வழியில் ஒருமுறை, அக்காவின் வழியில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். முதலாவதில் நேரே 0.05 மூல் அணுக்கள் வரும். இரண்டாவதில் 256ஆல் வகுக்க 0.00625 மூல் மூலக்கூறுகள், எட்டால் பெருக்க மறுபடி 0.05. இரண்டு வழியிலும் 3.011 × 10²² வராவிட்டால் படிகளை இங்கே எழுதிப் போடுங்கள், எந்த வரியில் வழுக்கியது என்று பார்ப்போம்.